இரண்டு முனைக்கு இரண்டு டெர்மினேட்டர்

செஞ்சியை அடுத்த வல்லத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 'அப்பா வைத்திருந்த அச்சகத்து மெக்கின்டோஷ் எஸ்இ இன்னும் ஓடுகிறது. சைக்வெஸ்ட் டிரைவையும் ஜிப் டிரைவையும் தனித்தனியாக மாட்டினால் இரண்டும் வேலை செய்கின்றன. சைக்வெஸ்டுக்குப் பின்னால் ஜிப் என்று ஒன்றாக மாட்டினால் பாதி காப்பியிலேயே கணினி நின்றுவிடுகிறது. டிரைவ் போய்விட்டதா?'

டிரைவ் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. தனியாக ஓடி, சேர்ந்தால் படுத்துக்கொள்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டெர்மினேட்டரைத்தான். டிரைவுக்கு ஒன்று என்று போடும் சமாச்சாரமல்ல அது. கணினியையும் டிரைவுகளையும் கோக்கும் ஸ்கஸி வரிசை முழுவதற்கும் இரண்டே இரண்டு, இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. எஸ்இயில் ஒரு கோடி உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க். அதிலேயே டெர்மினேட்டர் உண்டு. மறு கோடி உங்கள் ஜிப். நடுவிலிருக்கும் சைக்வெஸ்டில் எதுவும் இருக்கக் கூடாது.

கேபிளின் முனை வெறுமனே விடப்பட்டால் சிக்னல் அங்கே முட்டித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். சாதாரண டெர்மினேட்டர் ஒவ்வொரு சிக்னல் கம்பியையும் 220 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும், 330 ஓம் வழியாக எர்த்துக்கும் இணைத்து அந்த எதிரொலியை விழுங்கிவிடுகிறது. 'ஒன்று கூடுதலாக இருந்தால் என்ன?' என்பார்கள். கம்பியைக் கீழே இழுக்கும் சிப் 48 மில்லி ஆம்பியர் வரை தாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு டெர்மினேட்டர் அதற்குள் அடங்கும். மூன்றாவது சேர்ந்தால் அடங்காது. அப்போதும் ஐகான் திரையில் வரலாம். பெரிய கோப்பைக் காப்பி செய்யும்போதுதான் காலை வாரும். ஐகானை நம்பாதீர்கள்.

மின்சாரத்தை எல்லாவற்றிலும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். சைக்வெஸ்டின் பின்பக்கம் தடித்த கட்டை போல டெர்மினேட்டர் செருகியிருந்தால் கழற்றுங்கள். இல்லையென்றால் பெட்டியைத் திறந்து, டிரைவின் பலகையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கால் நீட்டிய ரெசிஸ்டர் பேக்குகளைத் தேடுங்கள். சாக்கெட்டில் இருந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்; ஒன்றை விட்டுவிட்டால் பாதிக் கிணறுதான். எடுக்குமுன் பேக்கின் மேலுள்ள புள்ளி எந்தப் பக்கம் என்று போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். ஜிப்பில் சிரமமே இல்லை. பின்னால் இரண்டு சுவிட்ச்: ஒன்று டெர்மினேஷன், அதை ஆனில் வையுங்கள், மற்றது ஐடி, வரிசையில் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தனி எண், 5 அல்லது 6. மெக்குக்கு 7, உள் டிஸ்க்குக்கு 0 போய்விட்டன. சைக்வெஸ்டுக்கு 4 கொடுங்கள். வெளி டிரைவுகளை முதலில் போட்டு, பிறகு கணினியைப் போடுங்கள்.

கேபிள் எல்லாம் கூட்டி 6 மீட்டருக்குள் இருக்கட்டும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெக்கின் 25 பின் சாக்கெட்டும் பிசியின் பிரிண்டர் சாக்கெட்டும் ஒரே அச்சு. பிரிண்டர் கேபிளையோ பேரலல் ஜிப்பையோ அதில் செருகிவிடாதீர்கள்.

1986இல் வந்த மெக் பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதனுள் டெர்மினேட்டரும் இல்லை, டெர்மினேட்டருக்கான மின்சாரத்தை அது வெளியே தருவதும் இல்லை. வெளி வரிசையின் முதல் டிரைவிலும் கடைசி டிரைவிலும் ஒவ்வொன்று போட வேண்டும். எஸ்டி கார்டு வைத்து ஓடும் இக்காலத்து ப்ளூஸ்கஸியை மாட்டினால் யூஎஸ்பி வழியாகத் தனியே மின்சாரம் கொடுங்கள். எஸ்இக்காரர்களும் கெட்டுப்போன உள் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டிருந்தால், அந்தக் கோடியின் டெர்மினேட்டரும் கூடவே போயிருக்கும்.

காப்பி ஓடத் தொடங்கியதும் பேஜ்மேக்கர் கோப்புகளோடு சிஸ்டம் ஃபோல்டரிலிருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துவிடுங்கள். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள் அவை. அவை இல்லாமல் திறந்தால் அப்பா அடித்த கல்யாணப் பத்திரிகை வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும்.