26ஆம் பகுதியில் என்ன எழுதுவது?

லாரல், மேரிலாந்து

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். பின்னால் அக்கா குரல் கேட்டது. கிரெடிட் கார்டு பாக்கி வசூல் கம்பெனிக்குப் போன கதை அவளுக்கு இன்னும் தெரியாது என்கிறாய். அது உங்கள் வீட்டு விவகாரம். ஆனால் "படிவம் அனுப்புவதற்குள் எப்படியாவது கட்டிவிடுகிறேன், அதை எழுதாமல் விட்டுவிடலாமா மாமா?" என்றாயே, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

விடாதே.

பாதுகாப்பு அனுமதிக்கு நீ நிரப்பும் எஸ்.எஃப். 86 படிவத்தின் 26ஆம் பகுதியை நிதானமாகப் படி. இன்றைக்குக் கடன் இருக்கிறதா என்பதோடு அது நிற்பதில்லை. கடந்த 7 ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்ததா, வசூலுக்குப் போனதா, வரி கட்டாமல் விட்டாயா, திவால் மனு போட்டாயா என்று தோண்டும். நாளைக்கே முழுப் பணத்தையும் கட்டினாலும் உன் விடை "ஆம்"தான். அதோடு, விசாரிக்கிறவர்கள் உன் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்துவிடுவார்கள். யாரிடம் மறைக்கப் போகிறாய்?

கடனைக் கண்டால் அவர்களுக்கு ஏன் இவ்வளவு கலக்கம் என்று கேட்டாய். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்டன் 1979இல் திவாலானார், வேலையையும் விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானாக நடந்து போனார். காகிதம் எதையும் திருடவில்லை. மண்டையில் இருந்ததையே விற்றார். கிடைத்தது சுமார் 35,000 டாலர். சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸும் 1985இல் கடன் கழுத்தை நெரிக்கும்போதுதான் அந்தப் பக்கம் போனார். பிறகு ஆர்லிங்டனில் 5,40,000 டாலருக்கு ரொக்கமாக வீடு வாங்கினார். அந்தப் பவிசு கண்ணில் பட்டும் 1994 வரை பிடிபடவில்லை.

அதற்காக உன்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிட மாட்டார்கள். அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க 2017 முதல் நடப்பில் உள்ள 13 வழிகாட்டு விதிகளில் 'எஃப்' பணத்துக்கு, 'ஈ' நடத்தைக்கு. இத்தனை டாலர் கடன் என்றால் தகுதி போச்சு என்று 'எஃப்' எங்கும் வரம்பு போடவில்லை. வேலை போனது, மருத்துவச் செலவு, விவாகரத்து என்று கைமீறிய காரணம் இருந்து, அதன் பிறகு பொறுப்பாக நடந்திருந்தால் அதை உன் பக்கம் எழுதிக்கொள்வார்கள். உனக்கு வேலை போன கடிதம் இருக்கிறதே, அதுதான் உன் துருப்பு. தவணை பேசி மாதாமாதம் கட்டிய ரசீது சேர்ந்தால் இன்னும் பலம்.

'ஈ' அப்படி இல்லை. கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே "இல்லை" என்று எழுதினால், பேச்சு கடனை விட்டு உன்னைப் பற்றியதாகிவிடும். அவர்கள் ஆதாரத்தை எடுத்து முன்னால் வைப்பதற்குள் நீயாகத் திருத்திக்கொண்டால் அதற்கு மதிப்புண்டு. வைத்த பிறகு சொன்னால் வேறு வழியில்லாமல் சொன்னதாகவே படும். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, பிரிவு 1001இன்படி அறிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை என்பது தனி.

பாதுகாப்புத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் இந்த மாதிரி வழக்குகளின் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகதை மாதிரி அவற்றைப் படிப்பது என் வழக்கம் (உன் அத்தைக்கு இதில் எரிச்சல்). பெரிய கடனோடு வந்து தவணைக் காகிதத்தைக் காட்டித் தப்பியவர்கள் அதில் உண்டு. சின்னக் கடனை மறைக்கப் போய் மாட்டியவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் அதன் பலன் தேசத்துக்குத்தான், உனக்கு இல்லை.

நம் வீடுகளில் கடனைச் சொல்வது மானம் போகிற காரியம். நானும் ஒரு சீட்டுக் கடனை அப்பாவிடம் இரண்டு வருஷம் மறைத்தவன்தான். கடன் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை, "ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்று. மதுரையில் தாத்தா உன் பெயரில் பதிந்த மனை நினைவிருக்கிறதா? வெளிநாட்டுச் சொத்து 20ஏ பகுதியில் வரும். அக்காவிடம் பத்திர நகல் கேள். கேட்கிற சாக்கில் கார்டு விஷயத்தையும் சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை வா, உட்கார்ந்து நிரப்புவோம். வசூல் கம்பெனி அனுப்பிய கவர்களையும் எடுத்து வா, பிரிக்காமல் வைத்திருப்பவை உட்பட.

அன்புடன்,
மாமா