சர்க்கரை இருக்கிறது, பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 54. காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பேரனுக்கு இப்போது நாலு மாதம். எங்கள் தெருக்காரர்கள் குழுவாகப் போகிறார்கள், நானும் பெயர் கொடுத்துவிட்டேன். "பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வா, போதும்" என்கிறார் வீட்டுக்காரர். என் அம்மா செருப்பில்லாமல்தான் நடந்தார். நானும் அப்படியே போக நினைக்கிறேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எப்படித் தயாராவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: நடக்கலாம் அம்மா. செருப்பில்லாமல் மட்டும் நடக்காதீர்கள். முதலில் இதைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். குறைவது நமக்கே தெரியாது. ஒவ்வொரு தை மாதமும் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக நத்தம் சாலையில் நாங்கள் மருத்துவ முகாம் போடுவோம். ஒருமுறை முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். காலைக் கழுவிப் பார்த்தபோது குதிகாலில் கருவேல முள் ஒன்று முழுசாக இறங்கி, உள்ளேயே ஒடிந்து கிடந்தது. சுற்றிலும் சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தது. "எதுவும் குத்தவே இல்லையே தம்பி" என்றார். வலி தெரிந்திருந்தால் குத்திய இடத்திலேயே உட்கார்ந்து பிடுங்கிப் போட்டிருப்பார். வலி தெரியாத காலுக்கு முள்ளும் ஒன்றுதான், மத்தியான வெயிலில் கொதிக்கும் தாரும் ஒன்றுதான். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அவர் கால் வேறு, உங்கள் கால் வேறு. நடந்து வருவதாகத்தான் முருகனிடம் சொன்னீர்கள். செருப்புப் போட்டு நடந்தாலும் அந்த வேண்டுதல் நிறைவேறியதுதான், இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மலைப்படியில் ஏறும்போது கழற்றிக்கொள்ளுங்கள்.

எனவே முதல் வேலை, இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்ப்பது. நைலான் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வலியில்லாத சோதனை, ஐந்து நிமிஷ வேலை. கூடவே இதயம், ரத்த அழுத்தம், கண் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி நன்றாகக் குறைந்திருக்கிறது என்றாலோ, பாதத்தில் ஆறாத புண் இருந்தாலோ, இந்த வருஷம் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பதுதான் சரி.

மாத்திரை விஷயம் அடுத்தது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மெட்பார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றில் உடம்பின் தண்ணீரும் சேர்ந்து போகும். நடக்கும் நாட்களுக்கு எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். கிளம்பும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். வழியில் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் அங்கேயே உட்கார்ந்து மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குழுவில் கூட நடக்கிற ஒருவருக்காவது உங்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் எங்கள் முகாமுக்கு மயங்கிய நிலையில் வந்து சேருகிறார்கள்.

இனி பயிற்சி. காரைக்குடியிலிருந்து பழனி ஏறக்குறைய 165 கிலோமீட்டர். ஏழு நாளில் போகிற குழு என்றால் நாளுக்கு 24, 25 கிலோமீட்டர் வரும். ஒரு நாள் அவ்வளவு நடப்பது பெரிய காரியமில்லை. அடுத்த நாள் காலையில் எழுந்து மறுபடி நடப்பதுதான் காரியம். அதனால் முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி, முக்கால் மணி நடங்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாளைத் தொடர்ச்சியாக நீண்ட நடைக்கென்று ஒதுக்குங்கள். உங்களுக்கு நல்ல வசதி இருக்கிறது: குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர்தான். மார்கழிக் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் கடைக்கு வந்துவிடலாம். பொங்கலுக்கு முன் ஒரு சனிக்கிழமை 18 கிலோமீட்டரும் மறுநாள் 12 கிலோமீட்டரும் நடந்து பாருங்கள். திங்கட்கிழமை தையல் மெஷினை வழக்கம்போல மிதிக்க முடிந்தால் நீங்கள் தயார். கடைசி ஒரு வாரம் நடையைக் குறைத்து ஓய்வெடுங்கள்.

செருப்பைப் புறப்படும் வாரத்தில் வாங்காதீர்கள். பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பை இப்போதே வாங்கிப் பயிற்சியிலேயே போட்டுப் பழக்குங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் சாயங்காலம் கடைக்குப் போய் அளவு பார்ப்பது நல்லது. சாக்ஸ் மூன்று ஜோடி இருக்கட்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ கிளம்பும் முன்பே தடவுங்கள், புண்ணான பிறகு தடவி அதிகப் பயனில்லை.

ஒவ்வொரு நாள் இரவும் படுக்கும் முன் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து டார்ச் வெளிச்சத்தில் உள்ளங்கால் முழுவதையும் பாருங்கள். சிவந்த இடம் தெரிந்தால் அன்றைக்கே பிளாஸ்டர் ஒட்டுங்கள், அது நாளைய கொப்புளம். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தி நூலை உள்ளே விட்டு வைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. சர்க்கரைக்காரர்கள் அதைச் செய்யவே கூடாது, அந்த நூல் வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். மேல்தோலை உரிக்காமல் சுத்தமான துணிக்கட்டுப் போட்டு, வழியில் இருக்கும் முகாமில் காட்டுங்கள்.

சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மன வேதனையோடுதான் சொல்கிறேன். பாதயாத்திரையில் உயிர் போவது பெரும்பாலும் வாகனம் மோதித்தான். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் விடியுமுன் இருட்டில் நடக்கிறோம், லாரி ஓட்டுநரும் தூக்கக் கலக்கத்தில் வருவது அதே நேரத்தில்தான். நடைபாதை இருக்கும் இடத்தில் அதிலேயே நடங்கள். இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பக்திப் பாட்டு கேட்கிறேன் என்று இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள். களைப்பில் சாலையோரம் துண்டை விரித்துப் படுப்பதும் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. சிங்கம்புணரி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று வழியெல்லாம் அன்னதானம் செய்கிறார்கள். கேசரியையும் பாதாம் பாலையும் அன்போடு நீட்டுவார்கள், கும்பிட்டு ஒரு வாய் வாங்கிக்கொண்டால் போதும். பட்டினி விரதம் மட்டும் நடக்கும் நாட்களில் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள். கழிப்பிடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலரைப் பார்க்கிறேன், இரண்டாம் நாளே நீர்க்கடுப்பில் துடிக்கிறார்கள். தங்கும் மண்டபத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று குழுத் தலைவரிடம் இப்போதே கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான்.

காய்ச்சல் வந்தாலோ, பாதத்தில் சிவப்பு மேலே ஏறினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ அன்றைய நடை அத்தோடு நிற்க வேண்டும். நெஞ்சுவலிக்கு 108-ஐ அழையுங்கள். வீட்டுக்காரரைத் திண்டுக்கல்லில் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லுங்களேன். கடைசி 60 கிலோமீட்டருக்குள் கால் மறுத்தால் கூடவே பஸ் ஏற ஒருவர் இருப்பார், அவருக்கும் மனம் அமைதிப்படும்.

பழனியில் 693 படியை விட யானைப்பாதை முழங்காலுக்கு எளிது. அதிகாலையில் ஏறுங்கள், கல் சூடாக இருக்காது. இறங்கியதும் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரம் தினமும் பாருங்கள். ஒரு சின்னக் கீறல் இரண்டு நாளில் காய ஆரம்பிக்கவில்லை என்றால் தைலம், மஞ்சள் என்று பார்த்துக்கொண்டிராமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.