உப்புக் காற்றும் கட்டடத்தின் இரட்டைப் பிறவியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

பழவேற்காட்டுக் கரையில் இரும்பு நெடுநாள் வாழ்வதில்லை. புதிதாக வாங்கிய சைக்கிளின் செயின் இரண்டு மழைக்காலத்திற்குள் சிவந்துவிடும். ஆனால் கான்கிரீட்டுக்குள் கிடக்கும் இரும்பைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. அது கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா? சென்ற ஐப்பசியில் ஒரு பின்னிரவு, எங்கள் வீட்டு முன் தாழ்வாரக் கூரையிலிருந்து சோற்றுத் தட்டு அளவு காரை பெயர்ந்து, ஆயா வழக்கமாகப் படுக்கும் இடத்தில் விழுந்தது. சாரல் அடித்ததால் அன்று ஆயா உள்ளே படுத்திருந்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டித் தரப்பட்ட வீடு அது. அதன் வயதும் என் வயதும் ஏறக்குறைய ஒன்றே. பெயர்ந்த இடத்தில் துருவேறிய கம்பி விலா எலும்பு போலத் தெரிந்தது. ஒரு கட்டடம் நோயுறுவதை அது விழுவதற்கு முன்பே அறிய முடியாதா என்ற கேள்வி அன்று எழுந்ததுதான்.

முதலில் நோயைப் பார்ப்போம். சிமெண்டில் உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு காரத்தன்மை மிக்கது. நல்ல கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு 12.5க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று கவசம்போல் படிந்து காக்கிறது. இந்தக் கவசத்துக்குப் பகைவர் இருவர். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்கிறது. கடற்காற்றின் குளோரைடு அயனிகளோ, காரத்தன்மை குறையாதபோதும் படலத்தைத் துளைத்துவிடுகின்றன. பிறகு கம்பியே ஒரு மின்கலமாகிவிடுகிறது. ஓரிடம் நேர்மின்வாய், ஓரிடம் எதிர்மின்வாய். உண்டாகும் துரு, கரைந்த இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது.

விழுந்த துண்டைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் விட்டபோது, கம்பியை ஒட்டிய பக்கத்தில்கூட இளஞ்சிவப்பு தோன்றவில்லை. பொடி செய்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சில்வர் நைட்ரேட் சேர்த்தேன். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு; அம்மோனியாவில் கரைந்தது. ஆக இரு பகைவரும் உள்ளே வந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் குளோரைடு காற்றில் வந்ததா, கலவை போட்ட மணலிலும் தண்ணீரிலுமே இருந்ததா?" வெளியிலிருந்து வந்ததென்றால் ஆழம் செல்லச் செல்ல அளவு குறையும், கலவையிலேயே இருந்ததென்றால் எங்கும் ஒரே சீராக இருக்கும். என் கையிலிருந்த துண்டு இரண்டையும் பிரித்தறியப் போதாத கனம். கம்பிக்குக் கீழே கான்கிரீட் 15 மில்லிமீட்டர்தான் இருந்தது. கடற்கரைச் சூழலைக் 'கடுமையானது' என வகுக்கும் 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு கேட்பது 45 மில்லிமீட்டர்.

சரி, வீட்டின் வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று தேடினேன். எங்கள் தெருவில் எவரிடமும் வரைபடம் இல்லை.

'டிஜிட்டல் ட்வின்' என்று பொறியியலார் சொல்லும் இரட்டைப் பிறவி இந்த இடத்தில்தான் வருகிறது. கட்டடத்தைக் கணிப்பொறிக்குள் இன்னொரு முறை கட்டி வைப்பதே அது. வெறும் படம் அன்று. ஒவ்வொரு தூணுக்கும் உத்திரத்துக்கும், எந்த நாளில் வார்க்கப்பட்டது, கலவை என்ன, கம்பியின் பருமன் என்ன என்ற விவரங்கள் ஒட்டியிருக்கும். இந்த எண்ணத்தை 1975இலேயே அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் கட்டுரையாக எழுதிவிட்டார். பின்னாளில் நிஜக் கட்டடத்தில் உணர்கருவிகளைப் பொருத்தி, அவை அனுப்பும் அளவுகளை இந்த மாதிரியோடு இணைத்தார்கள். அங்கே நிகழ்வது இங்கே தெரியும்.

உணர்கருவி என்றால் மாயமன்று. நாம் பாடத்தில் படித்ததுதான். நீளும்போது மின்தடை மாறும் மெல்லிய கம்பி, உத்திரம் எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். தாமிரம்–தாமிர சல்பேட் அரைமின்கலத்தைக் கான்கிரீட்டின் மேல் வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்தால், அது –350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துருப்பிடித்தல் நடக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி. அதிர்வுமானி இன்னும் சுவையானது. பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம்; விரிசல் விட்ட பானையின் ஓசை வேறு. பாலமும் அப்படியே. இயல் அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்திற்கேற்ப மாறும். நிறை மாறாமல் விறைப்பு நூற்றுக்கு 19 பங்கு குறைந்தால் அதிர்வெண் 10 பங்கு குறையும். காதுக்கு எட்டாத இந்த வேறுபாட்டைக் கருவி பிடித்துவிடும்.

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1914இல் திறக்கப்பட்டு, 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்து, மீண்டும் சீரமைக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், சென்னை ஐ.ஐ.டி. உணர்கருவிகளைப் பொருத்தியிருந்தது. 2022 டிசம்பரில் அக்கருவிகள் தூக்குப் பகுதியில் கோளாறு என்று எச்சரித்ததும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில்தான் மறுபடி ரயில் ஓடியது. எச்சரிக்கை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா நகரைப் பார்க்கலாம். 2018 ஆகஸ்ட் 14 அன்று அங்கே கடற்கரையை ஒட்டிய மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் மாண்டனர். அதைத் தாங்கிய எஃகு வடங்கள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்து அரிக்கப்பட்டிருந்தன. எங்கள் தாழ்வாரத்துக் கம்பிக்கும் அதற்கும் நோய் ஒன்றுதான்.

பாரிஸ் நாட்டர்டாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் 2010இல் லேசர் கதிரால் அளந்து வைத்திருந்தார். 2019இல் அது தீப்பற்றியபோது அவர் உயிரோடு இல்லை. அவர் அளந்து வைத்த புள்ளிகள் இருந்தன. 2024 டிசம்பரில் கோயில் மீண்டும் திறக்கப்பட்டதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊரில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் நிற்கின்றன. தொல்லியல் துறை அவற்றைக் காக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கல்லும் கொண்டவை. துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. இருபது ஆண்டுக்கு முன் எழுந்த எங்கள் கூரை அவற்றுக்கு முன்பே உதிர்கிறது. செத்தவர் வீட்டுக்குக் காவல் உண்டு, இருப்பவர் வீட்டுக்கு இல்லை என்று ஆயா சொல்வது முழுக்கக் கேலி அன்று.

ஒவ்வொரு குப்பத்து வீட்டிலும் உணர்கருவி வைப்பது நடவாத காரியம், தேவையுமில்லை. புயல் பாதுகாப்பு மையம், பள்ளிக்கூடம், பாலம் ஆகியவற்றுக்கு வைத்தால் போதும். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறு. மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே இடும் விவரம் ஊகமானால் அது நம்மை ஏமாற்றும். கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் இருப்பதாக எழுதி வைத்திருந்தால், கணிப்பொறியும் எங்கள் கூரை நலம் என்றே சொல்லியிருக்கும். கட்டும் நாளில் அளந்து எழுதாததைப் பிறகு எந்தக் கருவியாலும் முழுதாக மீட்க முடியாது.

ஆகவே இப்போதைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று. எங்கள் தெரு வீடுகளின் கூரையை மூங்கில் கழியால் தட்டி, பொள்ளலாக ஒலித்த இடங்களைக் கட்டம் போட்டுக் குறித்தேன். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அப்படி இடங்கள் இருந்தன. ஒவ்வொரு விரிசலின் முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அப்பா பார்த்துவிட்டு, "என்னடா இது, தச்சர் படகுப் பலகையைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே தட்டிக்கினு இருக்கே?" என்று கேட்டார். அவரே ஏரியின் அடிநிலத்தைத் தலைக்குள் வைத்திருப்பவர். எங்கே மணல் ஏறியது, எங்கே சேறு ஆழம், முகத்துவாரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கழி ஊன்றும் ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைத் திருத்திக்கொள்கிறார். நான் செய்வது அதுதான் என்றேன். மறுநாள் ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

கார்த்திகையில் கோடு போட்ட வாசற்படி மூலை விரிசல், தைப் பொங்கலன்று கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. தேதியோடு நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆயாவின் பாய் இப்போது எதிர்ச் சுவரோரம், தட்டியபோது கணீரென்று ஒலித்த பகுதிக்குக் கீழே கிடக்கிறது.