தேதியை உடம்பு குறிக்கட்டும்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுவது. தீபாவளியன்று நீ கொடுத்துவிட்டுப் போன இரத்தப் பரிசோதனைத் தாள்களை இரண்டு முறை படித்துவிட்டேன். அன்றைக்கே பேசியிருப்பேன். அடுப்படியில் உன் அம்மாவும் சின்னம்மாவும் முறுக்குச் சட்டியைச் சுற்றி நின்றார்கள். போனில் பேசினால் பாதியில் மறந்துவிடுவேன், உனக்கும் குழந்தை அழும். அதனால்தான் கடிதம். ஆற அமரப் படி.

உன்னைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. “இளைத்தது போதாதா, அழகுக்கு வேறு வயிற்றை வெட்டிக்கொள்ள வேண்டுமா” என்று வீட்டில் பேசுகிறார்கள், தெரியும். அவர்கள் பார்க்காததை நான் பார்த்தேன். என் அறையில் புடவை மாற்றும்போது, தொங்கும் வயிற்றுத் தோலைத் தூக்கி, அடியில் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்தாயே, அது ஈரமாக இருந்தது. அடியில் தோல் சிவந்து, ஓர் ஓரத்தில் உரிந்து கிடந்தது. 118 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்தவள் நீ. கொழுப்பு போய்விட்டது, அதைச் சுமந்த தோல் போகவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த மடிப்போடு வாழ்வது எவ்வளவு வேதனை என்று 31 வருஷம் சர்ஜிக்கல் வார்டில் மிஸ்ஸியாக இருந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தத் தோலை எடுக்கத்தான் வேண்டும்.

நான் மறுப்பது டிசம்பர் தேதியைத்தான். தங்கை கல்யாணம் தையில், அதற்குள் முடித்துவிடலாம் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். கல்யாண மண்டபத்துக்குத் தேதி குறிப்பது போல இதற்குக் குறிக்க முடியாது, கண்ணு.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடியில் 78 கிலோ என்றாய், இப்போது 72. இரைப்பையைச் சிறிதாக்கிய ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 11 மாதம்தான் ஆகிறது, எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்றைய அளவுக்குத் தோலை வெட்டித் தைத்துவிட்டு இன்னும் எட்டுக் கிலோ இறங்கினால், தைத்த இடம் மறுபடியும் தளரும். அதனால்தான் ஸ்லீவுக்குப் பிறகு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போகட்டும், அதில் கடைசி ஆறு மாதமாவது எடை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏறி இறங்காமல் நிற்கட்டும் என்று சர்ஜன்கள் கேட்கிறார்கள். எடை இறங்கும்போது உடம்பு தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. புண்ணை ஆற்ற அதனிடம் மிச்சம் இருக்காது.

உன் தாளிலேயே அது தெரிகிறது. ஹீமோகுளோபின் 10.2. பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை. இது பெரிய ஆபரேஷன், இரத்தமும் போகும். இரும்பு மாத்திரை தந்திருக்கிறார்களே, எப்போது சாப்பிடுகிறாய்? காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடிந்த கையோடு என்றாய். தேயிலை அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு, ஆரஞ்சுச் சாற்றோடு போடு. இரண்டு மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டால்தான் அளவு ஏறும். பி12-ஐயும் பார்க்கச் சொல். ஸ்லீவில் வெட்டி எடுத்த இரைப்பையோடு, அந்தச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும் சுரப்பும் குறைந்துபோகும். சிலருக்கு ஊசிதான் வழி.

புரதம்தான் எனக்குப் பெரிய கவலை. உன் எடைக்கு ஒரு நாளைக்கு 80 கிராமுக்குக் குறையக் கூடாது. உன் தட்டில் நான் பார்த்தது இரண்டு இட்லியும் சாம்பாரும். அதில் பத்துக் கிராம் இருந்தால் அதிகம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நம் வீடுகளில் திருப்திப்பட்டுக்கொள்கிறோம், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் தெம்பேயில் கிட்டத்தட்ட 19. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. உன் சின்ன இரைப்பையில் எல்லாவற்றுக்கும் இடமில்லை, அதனால் தட்டில் முதலில் முட்டை, மீன், தெம்பே. சோறு கடைசியில். டிசம்பரில் வெட்டிக்கொண்டு, விரதமும் இருந்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பேன் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. முருகன் ஒரு வருஷம் காத்திருப்பான்.

இனி எழுதுவதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுக்கச் சொன்னாய். உள்ளே அந்த வேப் கருவியைப் பார்த்தேன்.

பல வருஷத்துக்கு முன் என் வார்டில் ஒரு பெண், உன் வயதுதான். இதே ஆபரேஷன். புகைப் பழக்கம் இல்லை என்று ஃபாரத்தில் எழுதியிருந்தாள். ஐந்தாம் நாள் காலை கட்டைப் பிரித்தேன். இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தையல் அழகாகத்தான் இருந்தது. தொப்புளுக்குக் கீழே நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன். அழுத்தி எடுத்தால் வெளுத்து, மறுபடி இரத்தம் ஓடிவர வேண்டும், வரவில்லை. அடுத்த சில நாளில் அது கறுத்து, காய்ந்த தோல் போல ஆகிவிட்டது. “ஒரு நாளைக்கு நாலுதான் மிஸ்ஸி” என்றாள் மெதுவாக. கறுத்ததை வெட்டி எடுத்த பிறகு குழியாக நின்ற புண்ணுக்கு ஏழு வாரம் தினமும் மருந்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் அவள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பாள்.

வயிற்றுத் தோலைக் கீழிருந்து தூக்கும்போது, அடியிலிருந்து அதற்கு வரும் இரத்தக் குழாய்களை அறுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் தோலுக்கு ஓரங்களிலிருந்து சுற்றி வரும் இரத்தம் மட்டும்தான் மிச்சம். நிக்கோட்டின் அந்த ஓரக் குழாய்களையும் சுருக்கிவிடும். சிகரெட்டானாலும் வேப்பானாலும் நிக்கோட்டின் ஒன்றுதான். ஆபரேஷனுக்கு முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம் தொடாமல் இருப்பது என்பது மிகக் குறைந்த அளவு, நீ இன்றைக்கே நிறுத்து. முடியவில்லை என்றால் டாக்டரிடம் உள்ளதைச் சொல், திட்டினாலும் பரவாயில்லை. நிக்கோட்டின் பட்டை ஒட்டுவதானாலும் சர்ஜனைக் கேட்டுத்தான், அதிலும் அதே சரக்கு.

மருந்து விஷயத்திலும் மறைக்காதே. மீன் எண்ணெய், வைட்டமின் இ, பூண்டு மாத்திரை, ஜின்செங், தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் வகை, எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. எதை எப்போது நிறுத்துவது என்று சர்ஜன் சொல்வார். பக்கத்து வீட்டு மாக்சிக் தந்த ஜாமு மூலிகைப் பொட்டலத்தை இப்போதே ஓரம் வை. பெயர் தெரியாத ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை பிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாது. எடைக்கு வாரம் ஒரு முறை ஊசி போடுகிறாய் என்றால் மயக்க மருந்து டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும், சாப்பாடு வயிற்றில் அதிக நேரம் தங்கும். கர்ப்பத்தடை மாத்திரையையும் சொல், காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

இனி உடற்பயிற்சி. ஜிம்மில் வயிற்றுக்கென்று மடங்கி மடங்கி எழுகிறாயாம். விட்டுவிடு. பிரசவத்தில் உன் வயிற்றின் நடுத்தசை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, எழுந்திருக்கும்போது நடுவில் கூம்பிக்கொண்டு வருகிறதே, அதுதான். அதை சர்ஜன் தைத்துச் சேர்ப்பார். நீ பலப்படுத்த வேண்டியது காலையும் மூச்சையும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் கூனிக்கொண்டுதான் நடப்பாய், வயிற்றுத் தசையைக் கொண்டு எழ முடியாது. இப்போதே, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து தொடை பலத்தில் மட்டும் எழுந்து பழகு. காலையில் பத்து, மாலையில் பத்து. கட்டிலில் நேராக எழாமல், ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்து பழகு. மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து உறங்கவும் பழகு. நீ குப்புறப் படுப்பவள், சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

ஸ்லீவ் சமயத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவி வீட்டில் கிடக்குமே, அதைக் கழுவி எடு. மெதுவாக, ஆழமாக உள்ளே இழு, பந்துகள் மேலே நிற்க வேண்டும். வயிற்றை இறுக்கித் தைத்த பிறகு ஆழ மூச்சு விட வலிக்கும், அப்போது நுரையீரலில் சளி தங்கும். முன்பே பழகியவளுக்கு அது எளிது. தினமும் அரை மணி வேக நடை. இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்று மயக்க மருந்து டாக்டர் கேட்பார். போன வருஷம் பத்துமலையில் 272 படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஒரு சாதாரண நாளில் போய் ஏறிப் பார், உனக்கே தெரியும்.

சர்க்கரையையும் விடாதே. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இளைத்த பிறகு உனக்குக் குறைந்திருக்கலாம், மூன்று மாதச் சராசரியைப் பார்க்கும் பரிசோதனையை எடு. இன்னொரு குழந்தை வேண்டுமா என்று மாப்பிள்ளையோடு பேசு, வேண்டுமென்றால் அது முதலில். இடது கையில் பிசிஜி ஊசித் தழும்பைத் தடவிப் பார், மேடாகத் தடித்திருந்தால் சர்ஜனிடம் காட்டு. நம் நிறத் தோலில் கெலாய்டு வருவது அதிகம், இந்தத் தையலோ இடுப்புக்கு இடுப்பு ஓடும். மடிப்பில் உரிந்த தோலும் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

சர்ஜனின் பெயரை மருத்துவ மன்றத்தின் பதிவிலும், தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி என்ற தலைப்பிலும் நீயே தேடிப் பார். இடத்துக்குச் சுகாதார அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும், 1998 சட்டம் அதைத்தான் கேட்கிறது. 2020 அக்டோபரில் சேராஸில் ஓர் அழகு நிலையத்தில் கைக்கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளப் போன 23 வயதுப் பெண் திரும்பி வரவில்லை. விலை குறைவு என்று யாராவது உனக்கு விளம்பரம் அனுப்பினால் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்.

எனவே டிசம்பர் தேதியை ரத்து செய். மாசிக்குள் எடை நின்றால் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆறு வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாது, அழுதாலும் உட்கார்ந்த இடத்தில்தான் மடியில் வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் கிள்ளான் வந்து உன்னோடு தங்குகிறேன், புண்ணிலிருந்து டியூபில் வடியும் நீரை அளந்து எழுதுவது எனக்குக் கைவந்த வேலை.

வரும் ஞாயிறு காலைக் கொமியூட்டரில் வா. சென்ட்ரலில் இறங்கி என் வீட்டுக்கு நடந்தே வா, நான் நேரம் பார்க்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கையைக் கொஞ்சம் தளர்வாகத் தைக்கச் சொல்லியிருக்கிறேன், உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்து. தையல்காரம்மாவுக்குப் பணம் கொடுத்தாயிற்று.

உன் அத்தை