இரத்தப் புற்றும் இலக்கறிந்த மருந்தும்

உறுவையாற்றில் என் பெரியப்பா நாள்தோறும் பகலுணவுக்குப் பின் ஒரு மாத்திரை உண்பார். "இச்சிறு மாத்திரை எப்படிப் பெரியப்பா இரத்தப் புற்றைக் கட்டுகிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "காலேஜில் படிக்கிறவன் நீதாண்டா சொல்லணும்" என்றார். விலங்கியல் மாணவனான எனக்கு நாணமாயிற்று. அதன் விளைவே இக்கட்டுரை.

நோயின் வேர்

பெரியப்பாவுக்கு வந்தது நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்று. இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்னும் மருத்துவரும், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் ஆராய்ச்சி மாணவரும் கண்டனர். குறைந்த துண்டு எங்கே போயிற்று? ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர், குரோமோசோம் நிழற்படங்களை வீட்டு உணவு மேசையில் கத்தரித்து அடுக்கி ஆராய்ந்தார். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டுள்ளன என்று 1973-இல் வெளியிட்டார்.

இம்மாற்றத்தால் இரு ஜீன்கள் ஒட்டி, டைரோசின் கைனேஸ் என்னும் நொதி ஒன்று உருவாகிறது. சுவிட்சு ஒட்டிக்கொண்ட பம்புசெட்டு நிற்காமல் நீர் இறைப்பதுபோல, அது வெள்ளணுக்களைப் பெருகச் செய்துகொண்டே இருக்கிறது.

மருந்தின் வழி

இந்நொதி இயங்க ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. அது அமரும் குழியில் தான் அமர்ந்து வழியடைப்பதே இமாட்டினிப். மருந்து நிறுவன விஞ்ஞானி நிக்கோலஸ் லைடன் குழுவினர் உருவாக்கிய இதனை, நோயாளிகளையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருங்கே அறிந்த மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998-இல் மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினார். போதிய அளவு உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. 2001-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

நம் நாட்டில்

அந்நாளில் மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலையிருந்த மருந்து ஏழைக்கு எட்டியிருக்குமா? இந்திய நிறுவனங்கள் அதையே ஏறத்தாழ 8,000 ரூபாய்க்குத் தந்தன. இம்மருந்தின் புதிய படிக வடிவத்திற்குக் காப்புரிமை இல்லையென 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அவ்வழி அடைபடவில்லை.

ஒரு படிப்பினை

உடம்பு தேறிவிட்டதென்று பெரியப்பா ஓர் அறுவடைக் காலத்தில் தாமாகவே மாத்திரையை நிறுத்தினார். அடுத்த பரிசோதனையில் வெள்ளணுக்கள் மீண்டும் ஏறியிருந்தன. வீடே கலங்கியது. மருந்து சுவிட்சை அழுத்திப் பிடிக்கிறதேயன்றிப் பழுதைப் பிடுங்கி எறிவதில்லை என்பது அன்றே எனக்கு விளங்கிற்று. சிலர் பல்லாண்டுக்குப் பின் நிறுத்த இயலும். ஆயினும் அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே.

பம்புசெட்டு உவமையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "இதை அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனே" என்றார். அறிஞர் கண்டதை ஊரார்க்கு உரைப்பதும் கற்ற நம் கடமையன்றோ!