குவார்ட்டர்பேக்கின் காலைப் பாருங்கள்

2024-இல் என்எஃப்எல்லுக்குள் வந்த இரண்டு புதுமுகக் குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொள்வோம். டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் சிகாகோ பேர்ஸின் கேலப் வில்லியம்ஸ். இரண்டாவது ஆள் வாஷிங்டன் கமாண்டர்ஸின் ஜேடன் டேனியல்ஸ். சீசன் முடிந்தபோது கேலப் எறிந்து சேர்த்தது 3,541 யார்டு, ஜேடன் 3,568. வித்தியாசம் 27 யார்டுதான். ஆனால் எங்கள் ஃபேன்டசி லீக்கின் கணக்கில் ஜேடனுக்கு ஏறக்குறைய 90 பாயின்ட் கூடுதலாக வந்தது. அந்த 90 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால், முதல் வருடக் குவார்ட்டர்பேக்கை எப்படி எடைபோடுவது என்பதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

நான் இருப்பது வர்ஜீனியாவில், ஆஷ்பர்னுக்குப் பக்கத்தில். கமாண்டர்ஸின் பயிற்சி மைதானம் இந்த ஊரில்தான். இந்தப் பக்கம் ஐடி வேலையில் இருக்கும் நம் ஆட்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி ஆனால் பாதிப் பேர் ஒரு கண்ணை டிவியிலும் இன்னொரு கண்ணை ஃபோனிலும் வைத்திருப்பார்கள். ஊரில் ட்ரீம்11 ஆடியவர்களுக்கு இந்த ஃபேன்டசி ஆட்டம் சட்டென்று பிடிபடும். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முறை வைத்து வீரர்களை எடுக்கிறோம். ஒருவர் எடுத்த வீரர் இன்னொருவருக்குக் கிடையாது. சீசன் முழுக்கப் பெரும்பாலும் அந்த அணியோடுதான் வாழ வேண்டும். அதனால்தான் ஒரு புதுமுகத்துக்கு எந்த ரவுண்டில் கையைத் தூக்குவது என்ற கேள்வி வருடா வருடம் தலையைப் பிய்க்க வைக்கிறது.

முதலில் கணக்கு. எங்கள் லீக்கில், பெரும்பாலான லீக்குகளில் போலவே, எறியும் 25 யார்டுக்கு ஒரு பாயின்ட். டச்டவுன் பாஸுக்கு 4. ஆனால் அதே குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 10 யார்டுக்கே ஒரு பாயின்ட். ஓடி அடிக்கும் டச்டவுனுக்கு 6. இன்டர்செப்ஷனுக்கு 2 போய்விடும். அதாவது ஓடிக் கடக்கும் ஒரு யார்டு, எறிந்து சேர்க்கும் இரண்டரை யார்டுக்குச் சமம். 2024-இல் ஜேடன் 891 யார்டு ஓடினார், 6 டச்டவுன். அதில் மட்டும் 125 பாயின்ட். கேலப் ஓடியது 489 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை, 49 பாயின்ட். 90-இல் 76 இங்கேயே வந்துவிட்டது. டச்டவுன் பாஸ் 25-க்கு 20 என்ற வித்தியாசம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

எறிவதில் யாருக்கும் சளைக்காத புதுமுகத்தோடு ஒப்பிட்டாலும் இதே கதைதான். 2023-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸின் சி.ஜே. ஸ்ட்ரவுட் 15 ஆட்டங்களில் 4,108 யார்டு எறிந்தார்; 23 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன். டாம்பா பேக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 470 யார்டும் 5 டச்டவுனும் எடுத்தாரே, அது ஒரு புதுமுகம் ஒரு ஆட்டத்தில் எறிந்த யார்டுகளில் சாதனை. என் கண்ணுக்கு அதைவிட அழகாகப் பந்தெறிந்த முதல் வருடக்காரர் யாரும் தெரியவில்லை. எறிந்ததற்கு மட்டும் கணக்குப் போட்டால் ஸ்ட்ரவுட் 246, ஜேடன் 225. அதுவும் ஸ்ட்ரவுட் இரண்டு ஆட்டம் குறைவாக ஆடி. ஆனால் ஓட்டத்தையும் சேர்த்தால் ஜேடன் 350-ஐத் தொட, ஸ்ட்ரவுட் 281-இல் நிற்கிறார். 2011-இல் கரோலைனாவின் கேம் நியூட்டன் 17 இன்டர்செப்ஷன் கொடுத்தும் ஃபேன்டசியில் ராஜாவாக இருந்ததற்குக் காரணம், அவர் தானே ஓடி அடித்த 14 டச்டவுன். புதுமுகம் தடுமாறும் இடமெல்லாம் எறிவதில்தான். எதிரணியின் வியூகத்தைப் படிக்க நாள் பிடிக்கும், சக வீரர்களோடு ஒத்துப்போக நாள் பிடிக்கும். ஓட்டத்துக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. கல்லூரியில் ஓடிய கால் முதல் வாரமே ஓடும்.

எனவே நான் முதலில் பார்ப்பது கல்லூரி ஓட்டக் கணக்கு. இரண்டாவதாக, ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டர் யார் என்று. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாஷிங்டனுக்கு 2024-இல் வந்தவர் கிளிஃப் கிங்ஸ்பரி. அரிசோனாவில் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது கைலர் மர்ரி 2020-இல் 819 யார்டு ஓடி 11 டச்டவுன் அடித்தார். குவார்ட்டர்பேக்கை ஓடவிடத் தயங்காத ஆள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? சிகாகோவிலோ, கேலப்புக்கு வாய்த்த கோஆர்டினேட்டரை நவம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் தலைமைப் பயிற்சியாளரும் போனார். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு திறமைசாலியும் திணறத்தான் செய்வார்.

பிரீசீசன் ஆட்டங்களின் புள்ளிவிவரத்தை நான் சட்டை செய்வதில்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்ப்பேன். ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக ஜேடன் ஆடியது ஒரே ஒரு டிரைவ். அதில் டயாமி பிரவுனுக்கு 42 யார்டு தள்ளி ஒரு பந்து. பிறகு கோலுக்கு 3 யார்டு இருக்கும்போது, ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் நீட்டி, கொடுக்காமல், தானே ஓரமாக ஓடி உள்ளே போனார். எனக்கு அந்த 42 யார்டைவிட இந்த 3 யார்டு பெரிதாகப் பட்டது. கோலுக்குப் பக்கத்தில் பந்து யார் கையில் இருக்கப்போகிறது என்பதுதான் ஃபேன்டசியில் காசு. சில அணிகளில் அந்த இடம் வந்ததும் தடித்த ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவார்கள். அங்கே குவார்ட்டர்பேக் எத்தனை யார்டு ஓடினாலும் 6 பாயின்ட் அவருக்கு இல்லை.

மூன்றாவது, சாக். பந்தோடு மடக்கி வீழ்த்தப்படுவது. 2023-இல் கரோலைனாவின் பிரைஸ் யங் 62 முறை, 2024-இல் கேலப் 68 முறை. இரண்டு பேருமே டிராஃப்டில் முதல் ஆள் என்பதைக் கவனியுங்கள். முதல் ஆளை எடுக்கும் உரிமை பெரும்பாலும் மோசமான அணிக்கே வருகிறது, அல்லது அந்த உரிமையை வாங்கக் கையிலிருந்ததை விற்ற அணிக்கு. முன்வரிசையில் ஓட்டை இருக்கும். வழக்கமான லீக்குகளில் சாக்குக்கு நேரடியாகப் பாயின்ட் குறையாது. ஆனால் அதோடு அந்த டிரைவே பெரும்பாலும் செத்துப்போகும். டிராஃப்ட் வரிசை எண்ணுக்கு மயங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓடும் காலுக்கு ஆபத்தும் அதிகம். 2023-இல் இண்டியானாபோலிஸின் ஆன்டனி ரிச்சர்ட்சனை நினைத்தால் இன்னமும் மனம் கனக்கிறது. இரண்டாவது வாரம் ஹூஸ்டனில் முதல் கால்மணிப் பகுதியிலேயே இரண்டு டச்டவுன் ஓடினார். தலையில் அடிபட்டு வெளியேறினார். திரும்பி வந்தவருக்கு அக்டோபரில் தோள் போனது. மொத்தம் நான்கே ஆட்டத்தோடு அந்த சீசன் முடிந்தது. ஜேடனுக்கும் 2024-இல் ஏழாவது வாரம் கரோலைனாவுக்கு எதிராக ஒரு நீண்ட ஓட்டத்தில் விலா எலும்பில் அடி. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பெஞ்சுக்குப் போனார். அன்று அவரை நம்பி இருந்தவர்களுக்கெல்லாம் கை நிறையவில்லை.

அடுத்த வாரம்தான் உண்மையான சிக்கல். சிகாகோவோடு ஆட்டம் மாலை 4:25-க்கு. யார் ஆடவில்லை என்ற பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்புதான் வரும். அதற்குள் ஒரு மணி ஆட்டங்கள் தொடங்கியிருக்கும். தொடங்கிவிட்ட ஆட்டத்தின் வீரரை அப்புறம் மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே அடிபட்ட குவார்ட்டர்பேக் மாலையில் ஆடுவதாக இருந்தால், மாற்று ஆளும் மாலையிலோ இரவிலோ திங்களன்றோ ஆடுபவராக இருக்க வேண்டும். நான் அப்படி ஒருவரை வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்துவிடுவேன். அன்று ஜேடன் ஆடினார். கடைசி வினாடியில் அவர் தூக்கி எறிந்த பந்து, கூட்டத்தில் தட்டுப்பட்டு நோவா பிரவுன் கையில் விழுந்து 52 யார்டு டச்டவுன் ஆனது. 18-15. அந்த ஒரே பந்துக்கு ஃபேன்டசியில் 6 பாயின்ட்.

அதற்குப் பிறகு நவம்பரில் அவர் குறைவாகத்தான் ஓடினார். பிட்ஸ்பர்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் எதிராகக் கால் எழவே இல்லை. லீக்கில் சிலர் அப்போது அவரைக் கைமாற்றப் பார்த்தார்கள். விலா வலிக்கும் ஆளை ஓடவிடமாட்டார்கள். வலி போனால் ஓடுவார் என்று நான் பொறுத்திருந்தேன். ஃபேன்டசி இறுதிக்கட்டமான 16, 17-ஆவது வாரங்களில் என்ன நடந்தது? ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 5 டச்டவுன் பாஸ், 81 யார்டு ஓட்டம். அட்லான்டாவுக்கு எதிராக 3 டச்டவுன் பாஸ், 127 யார்டு ஓட்டம். இரண்டு வாரமும் 30 பாயின்டுக்கு மேல்.

துணைக்கு யாரை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அந்த வருடம் வாஷிங்டன், டென்வர், நியூ இங்கிலாந்து மூன்றுக்கும் பை வீக் 14-ஆவது வாரம். ஜேடன், போ நிக்ஸ், டிரேக் மே என்று புதுமுகங்களாகவே சேர்த்து வைத்தவருக்கு, பிளேஆஃப் வாசலில் மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை. புதுமுகத்துக்கு ஜோடி, ஜாரெட் கோஃப் மாதிரி ஓடாத, ஆனால் வாரா வாரம் ஒழுங்காகச் சம்பாதிக்கும் அனுபவசாலிதான். ஒரு குவார்ட்டர்பேக் மட்டும் ஆடும் லீக்கில் எட்டாவது ரவுண்டுக்கு முன்னால் புதுமுகத்தைத் தொடமாட்டேன். இரண்டு பேரை ஆடவைக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் என்றால் கதை வேறு. அங்கே ஓடும் புதுமுகம் மூன்று நான்காவது ரவுண்டுக்கே தகும்.

போ நிக்ஸ் என்றதும் ஒரு ஃபோன் ஞாபகம் வருகிறது. முதல் மூன்று ஆட்டத்தில் அவருக்கு ஒரு டச்டவுன் பாஸ்கூட இல்லை. இன்டர்செப்ஷன் மட்டும் 4. என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி கூப்பிட்டான்.

“அண்ணா, இந்த நிக்ஸை வெச்சுட்டு என்னங்ணா பண்றது? விட்டுடட்டுங்ளா?”

“அவசரப்படாதே. அந்த மூணு ஆட்டத்துல ரெண்டுல அவரே ஓடி டச்டவுன் போட்டிருக்கார். இன்னும் ரெண்டு மூணு வாரம் பெஞ்சுல உட்கார வை.”

நிக்ஸ் அந்த சீசனை 29 டச்டவுன் பாஸோடு முடித்தார். எறிவது தேறும்வரை ஓட்டம் அவரைத் தாங்கியது. ஆரம்பத்தில் தடுமாறும் புதுமுகத்தை வைத்திருப்பதா விடுவதா என்ற கேள்விக்கு நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: தடுமாறும்போதும் ஓடுகிறாரா?

முதல் வாரமே ஆடாதவர்களை வேறு மாதிரி கையாள வேண்டும். 2025-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் ஜாக்சன் டார்ட் நான்காவது வாரம்தான் ரஸ்ஸல் வில்சனின் இடத்துக்கு வந்தார். அறிவிப்பு வந்த பிறகு வேவரில், அதாவது யார் அணியிலும் இல்லாத வீரர்களை எடுக்கும் இடத்தில், எல்லாரும் பாய்வார்கள், விலை ஏறும். மூத்த குவார்ட்டர்பேக் இரண்டு ஆட்டம் தோற்று, உள்ளூர் நிருபர்கள் பயிற்சியாளரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாலே போதும். பெஞ்சில் ஒரு இடத்தைக் காலிசெய்து எடுத்துப் போட்டுவிடுவேன்.

கடைசியாக, வீரர்களை வருடா வருடம் தக்கவைக்கும் டைனஸ்டி லீக் ஆடுபவர்களுக்கு. புதுமுகத்தின் விலை உச்சத்தில் இருப்பது முதல் சீசன் முடிந்த அந்த ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை. ஸ்ட்ரவுட் இரண்டாம் வருடம் 20 டச்டவுன், 12 இன்டர்செப்ஷனுக்கு இறங்கினார். 2025-இல் ஜேடனை ஜாஷ் ஆலன், லமார் ஜாக்சன் வரிசையில் வைத்து எடுத்தார்கள். முழங்கால், தொடைத்தசை, முழங்கை என்று அடிமேல் அடிபட்டு அந்த சீசனின் பெரும்பகுதியை வெளியே உட்கார்ந்து கழித்தார். ஜேடன் எங்கள் ஊர்ப்பிள்ளை, அவர் ஆடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் முதல் வருடம் முடிந்த கையோடு யாராவது இரண்டு முதல் ரவுண்டு வாய்ப்புகளும் ஒரு நல்ல ரிசீவரும் தருகிறேன் என்று வந்தால், பேரத்துக்கு உட்காருங்கள். ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள், செப்டம்பரில் முதல் அடி விழுந்த பிறகு அந்த விலையை யாரும் தரமாட்டார்கள்.