ஜாபிதாவில் இல்லாத பெயர்

பள்ளி ஆசிரியனாக உத்தியோகம் பார்த்த காலத்தில் சில பொதுத் தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலனாகப் பணிபுரியும் கடமை எனக்கு வாய்த்தது. ஏஜெண்டுகளின் வாக்குவாதங்களும், விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திய பரபரப்பும், இரவில் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரையிட்டுக் காத்திருந்த அலுப்பும் நினைவிலிருந்து மங்கிப்போன பின்னரும், ஒரு முதிய அம்மாளின் முகம் மட்டும் மங்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த வாக்காளர் அடையாள அட்டையை அவர் நீட்டினார். ஜாபிதாவில் பெயர் இல்லை. மூத்த மகன் வீட்டிலிருந்து இளைய மகன் வீட்டுக்கு அவர் இடம் மாறியிருந்தார். பழைய விலாசத்தில் பெயர் நீங்கியிருந்தது, புதிய விலாசத்தில் ஏறவில்லை. உடன் வந்த பேரன் கைப்பேசியை என் முன் வைத்து, "ஆதாரைக் காட்டிச் சேலஞ்ச் வோட்டுக் கேட்டால் போட விட்டே ஆகணும் சார், சட்டத்திலேயே இருக்கு" என்றான். அப்படி ஒரு சட்டம் இல்லை என்று நான் சொன்னபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமாப் போட்டவளுக்கு இல்லேன்னா எப்படிங்கய்யா?" என்று கேட்டார். விடை சொல்ல என்னால் இயலவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையைச் சில வாரங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறையை எண்ணித்தான், தேர்தலைப் பற்றி நம் ஜனங்களிடையே உலவும் சில நம்பிக்கைகளைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்க முற்படுகிறேன்.

"அடையாள அட்டை கையில் இருந்தால் வாக்கு உண்டு."

இந்த நம்பிக்கையைவிட அதிகமான பேரை வாக்குச்சாவடி வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது வேறெதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அப்போது பெயர் இருப்பவருக்கே வாக்கு என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. பட்டியல் உரிமையைத் தருகிறது. அட்டையோ, பட்டியலில் கண்ட பெயருக்குரியவர் இவர்தாம் என்பதற்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறது. புகைப்படத்தோடு கூடிய அட்டை சேஷன் அவர்கள் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1993இல்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் நாற்பது வருஷ காலம் நம் தாய் தந்தையர் அட்டையின்றியே வாக்களித்தனர். இன்றைக்கும், பெயர் பட்டியலில் இருந்து அட்டை மட்டும் தொலைந்துபோயிருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டிய அவசியம் இல்லை. ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று ஆணையம் ஒப்புக்கொள்ளும் வேறு ஆவணங்கள் பல உண்டு. ஆக, அட்டை தொலைந்தவர் வாக்களிக்கலாம், பெயர் தொலைந்தவர் வாக்களிக்க முடியாது என்பதே சட்டத்தின் நிலை. நம்மவர் நினைப்போ இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

பட்டியலில் பெயர் இல்லாமற்போகும் துயரம் இந்தத் தேசத்துக்குப் புதிதன்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களின் நிர்வாகத்தில் 1951–52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது பட்டியலில் ஏறக்குறைய 17 கோடி பேர் இடம்பெற்றனர். ஆனால் வட மாகாணங்கள் பலவற்றில், அந்நியருக்குப் பெயர் சொல்லும் சம்பிரதாயம் இல்லாத காரணத்தால், இன்னாரின் மனைவி என்றும் இன்னாரின் தாய் என்றும் மட்டுமே எழுதிக்கொண்ட ஸ்திரீகள் சுமார் 28 லட்சம் பேரின் பதிவு செல்லாதென்று நீக்கப்பட்டது. சென் அவர்கள் அன்று கண்டிப்பாக இருந்தது நியாயமே என்று நான் கருதுகிறேன். அந்தக் கண்டிப்பின் பயனாகவே அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் சொந்தப் பெயரில் பிரஜைகளாகப் பதிவுபெறும் வழக்கம் வேரூன்றிற்று. ஆயினும், தேசத்தின் முதல் வாக்கை இழந்த அந்த 28 லட்சம் பேரின் இழப்பு இழப்புத்தான். எழுபது வருஷங்களுக்கு மேல் கடந்து, 2025இல் பீகாரில் தொடங்கித் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கு விரிந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, கணக்கெடுப்புப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பக்கத்தில் இருந்ததென்று ஜனங்கள் தேடி அலைந்த கவலையும் இதே ரகத்தைச் சேர்ந்ததுதான். பட்டியலைச் சுத்தம் செய்வது ஆணையத்தின் கடமை. எனினும், இறந்தவர் ஒருவரின் பெயர் தங்கிவிடுவதைவிட உயிரோடிருப்பவர் ஒருவரின் பெயர் நீங்கிவிடுவது பெரிய அநீதி என்பதை அந்த வேலையில் ஈடுபடுவோர் அனைவரும் நெஞ்சில் இருத்த வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

காலக்கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேட்பு மனு தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ சட்டம் இடம் கொடுப்பதில்லை. வாக்குப்பதிவு நாளன்று சாவடியில் எத்தனை வாதாடினாலும் பயன் இல்லாமற்போவது இதனால்தான். புதிதாகச் சேர்வதற்கு 6ஆம் படிவம், நீக்கத்துக்கும் ஆட்சேபத்துக்கும் 7ஆம் படிவம், இடமாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் 8ஆம் படிவம். அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது 8ஆம் படிவத்தில் ஒரே ஒரு தாள். பதினெட்டு வயது நிரம்பும் இளைஞர்கள் ஜனவரி முதல் தேதிக்காக வருஷம் முழுதும் காத்திருந்த காலமும் போய்விட்டது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளும் இப்போது தகுதி நாட்களாகக் கொள்ளப்படுகின்றன.

"பெயர் இல்லாவிட்டால் சேலஞ்ச் வோட்டு, நம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் டெண்டர் வோட்டு, டெண்டர் வோட்டு நூற்றுக்குப் பதினான்கைத் தாண்டினால் மறுதேர்தல்."

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு தவறாமல் வந்து சேரும் செய்தி இது. இதில் ஒரு பங்கு உண்மையும் இரு பங்கு பொய்யும் கலந்திருப்பதால், முழுப் பொய்யைவிட இது அதிகத் தீங்கு செய்கிறது. சேலஞ்ச் என்பது வாக்காளர் கேட்டுப் பெறும் சலுகையே அன்று. வந்திருப்பவர் அந்தப் பெயருக்குரியவர் அல்லர் என்று அபேட்சகரின் ஏஜெண்டு ஒருவர் இரண்டு ரூபாய் கட்டி எழுப்பும் ஆட்சேபணைக்கு அந்தப் பெயர். ஆட்சேபணையில் உண்மை இல்லையென்று கண்டால் வாக்காளர் வாக்களித்துச் செல்வார். டெண்டர் வாக்கு என்பது உண்மையிலேயே இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளின் 49பி என்னும் விதியை 2018இல் வெளியான 'சர்கார்' திரைப்படம் பட்டிதொட்டியெல்லாம் பிரசித்தப்படுத்திற்று. நமது பெயரில் வேறொருவர் முன்னமே வாக்களித்துவிட்டிருந்தால், நாம் யாரென்று தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்படும்படி நிரூபித்து, தனி ஜாபிதாவில் கையொப்பமிட்டு, அச்சிட்ட வாக்குச்சீட்டில் நமது தேர்வைக் குறிக்கலாம்; இயந்திரப் பொத்தானை அழுத்த முடியாது. அந்தச் சீட்டு ஓர் உறைக்குள் முத்திரையிடப்படுகிறது, வாக்கு எண்ணும் நாளில் அந்த உறை பிரிக்கப்படுவதில்லை என்ற பின்பாதியைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. முடிவு வெளியானபின் 45 நாட்களுக்குள் யாரேனும் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் அவசியமென்று கருதினால்தான் அதற்கு உயிர் வரும். பதினான்கு சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த விதியிலும் இல்லை.

அப்படியானால் டெண்டர் வாக்கினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அனகாபள்ளியில் 1989இலும் ராஜ்மகலில் 1998இலும் மக்களவை உறுப்பினர்கள் வெறும் ஒன்பது வாக்குகளில் தேர்வாகியிருக்கிறார்கள். அத்தகைய நெருக்கடியில், நீதிமன்றத்தின் மேஜைமேல் அந்த உறை பிரிக்கப்படும் சந்தர்ப்பம் எழலாம். ஆகவே தமக்கு அந்த நிலை நேர்ந்தால் சலித்துக்கொண்டு வீடு திரும்பாமல் கேட்டுப் பெறுங்கள் என்றே சொல்வேன். ஆனால் மறுதேர்தல் வருமென்று எதிர்பார்த்துப் பெறாதீர்கள்.

"நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தால் அந்தத் தேர்தல் செல்லாது."

உச்ச நீதிமன்றம் 2013ஆம் வருஷம் செப்டம்பர் 27ஆம் தேதி அளித்த தீர்ப்பினால் பிறந்த பொத்தான் இது. நிற்பவர்களில் எவரையும் விரும்பாதவர் அதற்கு முன்பு 49ஓ விதிப்படி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டியிருந்தது. அவருடைய அந்தரங்கம் அனைவர் முன்னும் அம்பலமாயிற்று. அந்தக் குறையைப் போக்கியதே நோட்டாவின் சாதனை, அதற்குமேல் அதற்குச் சக்தி கொடுக்கப்படவில்லை. இந்தூரில் 2024இல் நடந்ததைப் பாருங்கள்: பிரதான எதிர்க்கட்சி அபேட்சகர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்ட அந்தத் தொகுதியில் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள், நோட்டாவுக்கு அடுத்தபடியாக வாக்குப் பெற்றவரோ ஏறக்குறைய 51 ஆயிரத்தோடு நின்றார், வென்றவருக்கு 12 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. நோட்டா இரண்டாம் ஸ்தானத்தில் நின்றது, வேறொன்றும் நிகழவில்லை. முதல் ஸ்தானமே பெற்றிருந்தாலும், அபேட்சகர்களுக்குள் அதிக வாக்குப் பெற்றவரே உறுப்பினராவார். டெபாசிட் தொகையைத் தக்கவைத்துக்கொள்ளத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போதுகூட நோட்டா வாக்குகள் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. இது மாற வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம்: எல்லா அபேட்சகர்களையும்விட நோட்டா அதிகம் பெற்ற தொகுதியில் புதிதாகத் தேர்தல் நடத்துவதே அந்தத் தீர்ப்பின் உள்ளக்கிடக்கைக்கு இசைந்ததாக இருக்கும். ஆனால் அது நிறைவேறும்வரை, நோட்டாவை அழுத்துபவர் தம் கண்டனத்தைப் பதிவு செய்கிறாரே அன்றித் தேர்தலை நிறுத்துகிறவர் அல்லர்.

"பணம் வாங்கியிருக்கிறோம், சத்தியம் செய்திருக்கிறோம், யாருக்குப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்."

இந்த அச்சத்தைப் பற்றிப் பேசும்போது என் மனம் அதிகம் வேதனைப்படுகிறது. ஏனெனில் ஏழைகளின் வாசலில்தான் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கப்படுகிறது. ஒரு தனி மனிதர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை எவரும் அறிய முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடிகள் தெரிந்து பெட்டிக்குள் விழும் சீட்டில் சின்னமும் அபேட்சகர் பெயரும் உண்டே தவிர வாக்களித்தவர் பெயர் இல்லை. யாருக்கு வாக்களித்தாய் என்று நீதிமன்றத்தில்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்க முடியாதென்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு காப்பளிக்கிறது.

ஆனால் முழு உண்மையையும் சொல்லாவிட்டால் நானும் பாதி உண்மை பரப்புகிறவன் ஆவேன். தனி மனிதரின் வாக்கு மறைந்திருக்கிறது, தெருவின் வாக்கு மறைந்திருக்கவில்லை. காகிதச் சீட்டு நாட்களில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் ஏற்பாடு இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியே வெளியாகிறது. ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆகவே எந்தக் காலனி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத் தோற்றவரும் வென்றவரும் அறிந்துகொள்கிறார்கள். சாலையும் குடிநீரும் அந்தக் கணக்கைப் பார்த்து வரலாம் அல்லது வராமற்போகலாம் என்ற ஜனங்களின் பயம் காரணமற்றதன்று. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்தே காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. மத்திய அரசாங்கமோ இணங்கவில்லை. தேர்தல் விதிகளில் ஒன்றே ஒன்றைத் திருத்தும் அதிகாரம் என்னிடம் கொடுக்கப்படுமானால் இதைத்தான் திருத்துவேன்.

பணத்தைப் பொறுத்தவரை, கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் சட்டப் பிரகாரம் குற்றவாளிதான். வேலூரில் 2019இல் பெருந்தொகை கைப்பற்றப்பட்டதன்பேரில் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டு மாதம்வரை அந்தத் தொகுதி மக்கள் காத்திருக்க நேர்ந்தது. சத்தியத்தைப் பற்றிக் கேட்டால், வறுமையைச் சாட்சியாக நிறுத்தி வாங்கிய சத்தியம் எந்தத் தெய்வத்தையும் கட்டாது என்றே என் தாயார் சொல்லியிருப்பார். நானும் அதையே சொல்கிறேன்.

வாக்குப்பதிவு நாளில் தனியார் கம்பெனிகளில் விடுமுறை கிடையாது என்ற எண்ணமும் தவறு. அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி தினக்கூலித் தொழிலாளிக்கும் அன்று சம்பளத்தோடு கூடிய விடுமுறை உண்டு. விலகிநின்றால் அபாயமோ பெருநஷ்டமோ நேரக்கூடிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

"நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், வேலை முடிந்து போவதில் அர்த்தமில்லை."

கூலி வேலை செய்வோர் பலர் இந்த எண்ணத்தால் சாவடிப் பக்கமே வராமல் இருந்துவிடுகிறார்கள். விதி அப்படியன்று. குறித்த நேரம் முடியும் கணத்தில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும், எவ்வளவு நேரமானாலும், வாக்கு உண்டு. அவர்களுக்குத் தலைமை அலுவலர் கையொப்பமிட்ட, எண்ணிட்ட சீட்டுகள் கொடுக்கப்படும். அவற்றை வரிசையின் வாலிலிருந்துதான் கொடுக்கத் தொடங்க வேண்டும். கடைசியில் நிற்பவருக்கு முதல் எண். பின்னால் வந்து ஒட்டிக்கொள்பவரைத் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. நான் பணிபுரிந்த ஒரு சாவடியில், செங்கல் சூளையிலிருந்து நேராக வந்து, மூச்சிரைக்கக் கடைசியில் நின்ற பெண் ஒருவரிடம் ஒன்றாம் எண் சீட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் தமக்கு முன்னால் நின்றவரிடம் நீட்டி, "இது உங்களுதாங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுடையதுதான் என்று சொல்லி, நான் அடுத்தவரிடம் நகர்ந்தேன். அவர் வாக்களித்துவிட்டு வெளியேறியபோது மணி ஏழேகால்.